திரையில் பச்சை, குழியில் 91 சதவீதம்: ஸ்மார்ட் ரோலரைப் பயன்படுத்துவது எப்படி?

ஸ்மார்ட் ரோலர் என்பது அடிப்படையில், சாலைப் பணியில் மண்ணை அதிர்வால் கெட்டிப்படுத்தும் அதிர்வு ரோலர்தான். உருளையில் ஓர் அதிர்வு உணரி, கூரையில் ஜிபிஎஸ் கருவி, ஓட்டுநர் எதிரே ஒரு திரை. மண் கெட்டிப்படும்போது உருளை துள்ளும் விதம் மாறும்; அந்த மாற்றத்தைக் கருவி எண்ணாக்கி, வரைபடத்தில் நிறமாகக் காட்டும்: இலக்கை எட்டிய இடம் பச்சை, எட்டாத இடம் சிவப்பு. 1970களில் ஸ்வீடனில் உருவான முறை இது. ப்ராக்டர் சோதனை (மண்ணின் உச்ச உலர் அடர்த்தியையும், அதற்கு உகந்த ஈரப்பதத்தையும் ஆய்வகத்தில் காணும் சோதனை) செய்யத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் ஜிபிஎஸ் திருத்த நிலையத்தை நிறுவி, ஆயத்தொலைவு தெரிந்த ஒரு புள்ளியில் சரிபாருங்கள். திருத்தம் இல்லாவிட்டால் இடம் மீட்டர் கணக்கில் பிசகும்.

அடுத்தது சோதனைப் பட்டை. சாலையைத் தாங்கும் மண்கரைக்குப் போடப்போகும் அதே மண்ணை 100 மீட்டர் நீளத்துக்குப் பரப்பி உருட்டுங்கள். ரோலர் ஒருமுறை கடப்பது ஒரு நடை; ஒவ்வொரு நடைக்கும் எண்ணைக் குறியுங்கள்; இரண்டு நடைக்கு ஒருமுறை குழி தோண்டி மணல் மாற்றுச் சோதனை (குழியை மணலால் நிரப்பிக் கன அளவு கண்டு, தோண்டிய மண்ணின் அடர்த்தியைக் கணக்கிடுவது) செய்யுங்கள். ப்ராக்டர் உச்ச அடர்த்தியில் மண்கரைக்கு 95 சதவீதம், அதன் மேலே வரும் சாலைப் படுகைக்கு 97 சதவீதம் கிடைக்கும்போது திரை காட்டும் எண்தான் உங்கள் இலக்கு. வேகம், அதிர்வு வீச்சு, செல்லும் திசை ஆகியவற்றை அதன்பின் மாற்றக் கூடாது. மாற்றினால் இலக்கு செல்லாது.

நான் இடறிய இடம் இனிதான். ஒரு கோடைப் பிற்பகலில் பட்டை முழுவதும் பச்சை. மறுநாள் குழியில் 91 சதவீதம். உணரியில்தான் கோளாறு என்று மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் குழி மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தேன். உருண்டை நிற்காமல் பொடியாக உதிர்ந்தது. உகந்த ஈரப்பதம் 11 சதவீதம். அங்கே இருந்ததோ 6.

ரோலர் அளப்பது விறைப்பை, அடர்த்தியை அல்ல. வெயிலில் காய்ந்த மண்கட்டி கல்லாகத்தான் தெரியும். தண்ணீர் பட்டதும் கரைந்து உட்காரும். மழைக்குப் பின் கரை இறங்குவதும் இப்படித்தான். ஆகவே உருட்டுவதற்கு முன் ஈரப்பதம் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். களத்தில் அடுப்பில் உலர்த்திக் காத்திருப்பதைவிடக் கார்பைடு ஈரமானியே (மண்ணின் ஈரத்தோடு கார்பைடு வினைபுரிந்து எழும் வாயு அழுத்தத்தால் ஈரத்தை அளக்கும் கருவி) எனக்குப் பிடித்தது. சில நிமிடங்களில் விடை கிடைக்கும். அதை அவ்வப்போது அடுப்பு முடிவோடு ஒப்பிட்டால் போதும்.

குழியைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ தோண்டாதீர்கள். நிறம் மோசமாக இருக்கும் இடத்தில் தோண்டுங்கள். இந்தக் கருவியின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது. ரோலரின் பதிவுகளை அலச வேட்டா (Veta) என்ற மென்பொருள் இலவசம். பல நிறுவன ரோலர்களின் தரவையும் படிக்கும்.

பின்சேர்க்கை: மேலடுக்கு 97 சதவீதம் வந்தும் ஓரிடம் மட்டும் சிவப்பாகவே இருப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதிர்வு ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் வரை உணரும். அடுக்கின் தடிமனோ 20 சென்டிமீட்டர்தான். கீழே ஏதோ ஓர் அடுக்கு இளகியிருக்கலாம். சிறுபாலத்தை ஒட்டிய நிரப்பு என்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். மேலே இன்னும் நான்கு நடை உருட்டிப் பயனில்லை. தோண்டித்தான் பார்க்க வேண்டும்.