டெக் ஜாயிஸ்ட் ஹேங்கரை மாற்றிய முறை – என் அனுபவம்

அமெரிக்காவில் ஒரு வீட்டு மர டெக், அதாவது வீட்டை ஒட்டிய திறந்த மேடை. அதன் தளத்தைத் தாங்கும் உத்தரம் ஜாயிஸ்ட்; வீட்டுச் சுவரில் பொருத்திய பலகை லெட்ஜர்; இரண்டையும் இணைக்கும் உலோகத் தாங்கி ஹேங்கர். ஹேங்கர்களை ட்ரைவால் ஸ்க்ரூவால் (ஜிப்சம் பலகைக்கான திருகு) பிடித்திருந்தார்கள். அது விறைப்பான உருக்கு. பாரம் குறுக்கே இழுத்தால் வளையாது, சட்டென்று முறியும். ஆளையே கொல்லக்கூடிய குறை இது.

ஒரு நேரத்தில் ஒரே ஜாயிஸ்ட். பாட்டில் ஜாக்கும் (பாரம் தூக்கும் சிறு கருவி) 4x4 கட்டையும் முட்டுக் கொடுத்துப் பாரத்தைத் தாங்கிய பிறகே பழையதைக் கழற்றினேன். ஜாயிஸ்ட் முனைக்கும் லெட்ஜருக்கும் இடைவெளி 1/8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

புதிய ஹேங்கர் ஜி185 என்ற தடித்த வகைத் துத்தநாகப் பூச்சு உள்ளது. பதப்படுத்திய மரத்திலுள்ள செம்பு மெல்லிய பூச்சை அரித்துவிடும். ஆணியும் ஹாட் டிப் கால்வனைஸ்டாகவே (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசியது) இருக்க வேண்டும்; ஸ்டெயின்லெஸ்ஸைக் கலக்காதீர்கள்.

பலரும் தவறுவது ஹேங்கரின் பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கும் ஆணியில்தான். அது ஜாயிஸ்டைத் துளைத்து லெட்ஜருக்குள் இறங்க வேண்டும். அதற்கு 0.148 அங்குலத் தடிமனில் 3 அங்குல ஆணி தேவை. 1½ அங்குல ஆணி லெட்ஜரை எட்டவே எட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

ஹேங்கரிலுள்ள வட்டத் துளை ஒன்றையும் காலியாக விடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சுத்தியலால் அடியுங்கள். சாதாரண நெய்ல் கன் ஆணி தகட்டில் பட்டுத் தெறிக்கும். கடைசி ஆணி இறங்கிய பிறகே ஜாக்கைத் தளர்த்துங்கள்.