காலாவதி ஆகாத சான்றிதழைக் காலாவதி என்கிறதா?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகம். இணைய இணைப்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் நூலகத்தைப் புதுப்பித்த பிறகும் பில் மென்பொருள், தான் இணையும் தளத்தின் அடையாளச் ‘சான்றிதழ் காலாவதி’ என்று அடம்பிடித்தது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனேன். அதே தளத்தின் முகவரி பிரவுசரில் ஒழுங்காகத் திறந்தது. பாதி விடை அதிலேயே இருந்தது: கோளாறு தளத்தின் சான்றிதழில் இல்லை.

முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். அது சரியென்றால், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையண்ட் கட்டளையால் சான்றிதழ்ச் சங்கிலி (ஒன்றுக்கு அடுத்தது சான்று சொல்லும் வரிசை) முழுவதையும் சோதியுங்கள். தளத்தின் சான்றிதழ் நன்றாக இருக்கும். சங்கிலியின் உச்சியில், மற்றவற்றுக்கு ஆதாரமாக உள்ள மூலச் சான்றிதழ்தான் காலாவதி ஆகியிருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானபோது நடந்தது இதுதான். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்பான 1.0.2, சர்வர் அனுப்பும் சங்கிலியையே பிடித்துக்கொண்டு தொங்கும். 1.1.0 முதல், கணினியிலுள்ள நம்பகமான மூலத்தை முதலில் தேடும்.

புதுப்பித்தும் ஏன் பிழை? அந்த மென்பொருள் தன் கோப்புறைக்குள் பழைய 1.0.2-ஐத் தனியாக வைத்திருந்தது! அதன் சான்றிதழ்த் தொகுப்பிலிருந்து காலாவதியான மூலத்தை நீக்கி, அதற்குப் பதில் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற மூலச் சான்றிதழைச் சேர்த்து, மென்பொருளை மறுபடி இயக்கினேன். பில் வந்துவிட்டது. பழைய நூலகத்தையே மாற்றித் தரும்படி தயாரிப்பாளரிடமும் கேளுங்கள். அவசரத்தில் சான்றிதழ்ச் சரிபார்ப்பை அணைத்துவிடாதீர்கள்; அது பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றுகிற வேலை.