குறிப்பிட்ட எழுத்துகள் வரும் ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடும்போது கையில் ‘கியூ’ வந்து உட்காரும். ‘யு’ ஒன்றுகூட இருக்காது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டிலில் ‘ஒய்’ உண்டு என்று தெரியும், எந்தக் கட்டத்தில் என்று தெரியாது. இப்படிப்பட்ட சொற்களை இணையத்தில் தேட முடியும். ஆனால் தேடுவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: எந்த எழுத்துகள் கட்டாயம் வேண்டும், அவற்றில் எதற்கெல்லாம் இடம் உறுதி, எவை வரவே கூடாது. இதில் ஒன்றைக் குழப்பினாலும் சரியான சொல் பட்டியலிலிருந்து நழுவிவிடும். நழுவியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

தேடுவதற்கு ஒன்லுக் தளம் நல்லது; இலவசம். அதன் குறியீடுகளில் ஐந்தைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். கேள்விக்குறி (?) ஒரே ஓர் எழுத்துக்குரிய இடம். நட்சத்திரக் குறி (*) எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம் என்று பொருள். காற்புள்ளி (,) இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கும். கடைசியில் கழித்தல் குறி (-) போட்டு எழுத்துகளைத் தட்டினால் அவை விலக்கப்படும். முன்னால் இரட்டைச் சாய்கோடு (//) போட்டால் தட்டிய எழுத்துகளைக் கலைத்து அடுக்கிப் பார்க்கும். கீழே எழுத்துகளின் பெயரைத் தமிழில் கொடுத்திருக்கிறோம். தட்டும்போது அந்த ஆங்கில எழுத்தையே தட்டுங்கள்.

வேர்டிலுக்கு ஓர் உதாரணம். முதல் எழுத்து ‘எஸ்’ என்பது உறுதி, ‘ஒய்’ எங்கேயோ இருக்கிறது என்றால்:

எஸ்????,*ஒய்*

ஸ்டோரி, சாரி, சன்னி எல்லாம் வரும். நடுவில் ‘ஒய்’ வரும் ஸ்டைலும் வரும். பலர் ‘ஒய்’ என்றாலே கடைசியில்தான் இருக்கும் என்று எண்ணி அதை ஐந்தாவது கட்டத்தில் பூட்டிவிடுகிறார்கள். அங்கேதான் ஸ்டைல் தப்பிப் போகிறது. நீங்கள் போட்ட எழுத்து மஞ்சள் நிறமானால் அது சொல்வது இரண்டு செய்திகள்: எழுத்து உண்டு, ஆனால் நீங்கள் வைத்த இடத்தில் இல்லை. இரண்டாவது செய்தியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எழுத்து இல்லை என்று காட்டும் சாம்பல் நிறத்திலும் ஒரு பொறி இருக்கிறது. விடை ‘கிரேன்’ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஓர் ‘இ’தான் உண்டு, கடைசியில். நீங்கள் ‘ஸ்பீட்’ என்று போட்டால் அதிலுள்ள இரண்டு ‘இ’க்களில் முதலாவது மஞ்சளாகும், இரண்டாவது சாம்பலாகும். அந்தச் சாம்பலைப் பார்த்து ‘இ’யை விலக்குப் பட்டியலில் சேர்த்தால் விடையே காணாமல் போகும். இரண்டு முறை போட்ட எழுத்து ஓரிடத்தில் சாம்பலாகவும் மற்றோரிடத்தில் மஞ்சளாகவோ பச்சையாகவோ (இடமும் சரி) வந்தால் அது ஒருமுறைதான் வருகிறது என்று பொருள். இன்னொன்று: வேர்டிலின் விடைகளில், வெறுமனே ‘எஸ்’ சேர்த்த பன்மைகள் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே அவற்றைக் கடைசியில் பார்த்தால் போதும்.

ஸ்கிராபிளில் ‘கியூ’தான் பெரிய தலைவலி. நூறு வில்லைகளில் அது ஒன்றே ஒன்று, மதிப்பு 10, ‘யு’ நான்குதான். ‘யு’ இல்லாத ‘கியூ’ சொற்களைத் தேட எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது:

*கியூ*-யு

ஃபக்கீர், நிகாப் போன்றவை கிடைக்கும். ஆனால் இது ‘யு’ எங்கிருந்தாலும் அந்தச் சொல்லைத் தள்ளிவிடும். ‘புர்கா’வை ‘கியூ’ போட்டு எழுதும்போது ‘யு’ இரண்டாவது எழுத்து. ‘கியூ’வுக்குப் பின்னால் வருவது ‘ஏ’. ‘எஸ்-யு-கியூ’ என்ற மூன்றெழுத்துச் சொல்லும் அப்படித்தான், அரபுச் சந்தை என்று பொருள். இவற்றையும் பிடிக்க, *யு*கியூ* என்று இன்னொரு முறை தேடுங்கள். அதில் கிடைப்பவற்றில் ‘கியூ’வை அடுத்து வேறோர் ‘யு’ வருபவற்றைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிடலாம். ஆட்டத்தில் அதிகம் கைகொடுப்பது ‘கியூ-ஐ’ என்ற இரண்டெழுத்துச் சொல்தான். பின்னால் ‘எஸ்’ சேர்க்கவும் இடம் தரும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். இதற்குக் கண்டபடி சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, ஆறெழுத்து அடி ஒன்றை எடுத்து அதோடு ஏழாவதாக எது சேர்ந்தால் என்ன வரும் என்று பழகுவதே சிறந்த வழி. ‘ரீடெய்ன்’ அருமையான அடி. ‘ஜி’ சேர்ந்தால் கிரானைட், ‘கே’ சேர்ந்தால் கெரட்டின், ‘எம்’ சேர்ந்தால் மினாரெட், ‘எச்’ சேர்ந்தால் ஹேர்நெட், ‘சி’ சேர்ந்தால் சர்டெய்ன், இன்னோர் ‘இ’ சேர்ந்தால் டிரெய்னி, இன்னோர் ‘ஐ’ சேர்ந்தால் இனர்ஷியா. அத்தனையும் காதில் விழுந்த சொற்கள். ஆனாலும் வில்லைகள் கலைந்து கிடக்கும்போது கண்ணில் படாது. ஒன்லுக்கில் இரட்டைச் சாய்கோடு, அந்த ஆறு எழுத்துகள், ஒரு கேள்விக்குறி என்று தட்டினால் மொத்தப் பட்டியலும் வரும். நாளுக்கு ஓர் அடி போதும். கையில் வில்லைகளை வைத்துக்கொண்டு தேடும்போது, ‘ஐ-என்-ஜி’ இருந்தால் வலது ஓரமும், ‘ஆர்-இ’ அல்லது ‘யு-என்’ இருந்தால் இடது ஓரமும் ஒதுக்கிவிட்டு மீதியைக் கலைத்துப் பாருங்கள். தேட வேண்டியது ஏழிலிருந்து நாலைந்தாகக் குறையும்.

தளத்தில் கிடைத்ததையெல்லாம் பலகையில் வைத்துவிடக் கூடாது. ஒன்லுக் பல அகராதிகளை ஒன்றாகத் துழாவுவதால் ஊர்ப்பெயர், ஆள்பெயர், சுருக்கெழுத்து, இரண்டு சொல் தொடர் எல்லாம் கலந்து வரும். ஸ்கிராபிளில் அவை செல்லாது. நீங்கள் ஆடும் இடத்தில் எந்தச் சொற்பட்டியல் செல்லும் என்றும் கேளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலும் வட அமெரிக்கப் பட்டியல். இந்தியா, இலங்கை, பிரிட்டன் போட்டிகளில் காலின்ஸ் அகராதியின் பட்டியல். இரண்டெழுத்துச் சொற்களை மட்டும் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: 2018 வட அமெரிக்கப் பதிப்பில் 107, 2019 காலின்ஸில் 127. ‘இசட்-ஏ’ இரண்டிலும் செல்லும், ‘இசட்-ஓ’ காலின்ஸில் மட்டும். காலின்ஸுக்கும் ஸ்கிராபிள் சொல் சரிபார்க்கும் பக்கம் இணையத்தில் உண்டு. அதில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டே குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

இந்தத் தேடல் எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான். எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது கைபேசியைத் தொடுவது ஏமாற்று. அன்றைக்குத் தவறவிட்ட ஏழு எழுத்துகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தேடிப் பாருங்கள்.