ஃபோர்ட் பெண்ட் கவுண்டிக்குக் குடிவருகிறீர்களா? இங்கே யார் யார் வாழ்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்

டெக்சஸின் ஹூஸ்டனில் வேலை என்று சொல்லிக்கொண்டு வரும் தமிழர்களில் பலர் கடைசியில் வீடு பார்ப்பது ஹூஸ்டன் நகரத்துக்குள் அல்ல. தென்மேற்கே 69-ம் நெடுஞ்சாலையைப் பிடித்து வந்தால் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி. சுகர் லேண்ட், மிசூரி சிட்டி, ஸ்டாஃபோர்ட், ரிச்மண்ட், ரோசன்பெர்க், ஃபுல்ஷியர், கேட்டியில் ஒரு பகுதி எல்லாம் இதற்குள்தான். கவுண்டி என்பதை நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமையிடம் ரிச்மண்ட்.

எந்த வங்கியில் கணக்குத் தொடங்குவது, ஓட்டுநர் உரிமம் எடுப்பது எப்படி என்பதற்கெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள், அவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அது தெரியாமலே பத்து வருடம் ஓட்டிவிடவும் முடியும்; ஓட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்தைப் பற்றியது.

முதலில் எண்ணிக்கை. 1970-ல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 52,314. 2020 கணக்கெடுப்பில் 8,22,779. ஐம்பது ஆண்டில் பதினைந்து மடங்குக்கும் மேல். அந்த எட்டு லட்சத்தைப் பிரித்தால் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) அல்லாத வெள்ளையர் ஏறக்குறைய 30 சதவீதம், ஹிஸ்பானிக் மக்கள் கிட்டத்தட்ட கால் பங்கு, ஆசியரும் கறுப்பினத்தவரும் தலா ஐந்தில் ஒரு பங்கு அளவில். யாருக்கும் பெரும்பான்மை கிடையாது. பத்தில் மூன்று பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அமெரிக்கா முழுவதையும் எடுத்தால் ஆசியர் ஆறேழு சதவீதம்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு தெருவிலும் நாலு வகை மக்களும் சரிசமமாகக் கலந்திருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மிசூரி சிட்டியில் பத்தில் நால்வர் கறுப்பினத்தவர். ரோசன்பெர்க்கில் பாதிக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள். அங்கே மூன்று நான்கு தலைமுறையாக வாழும் மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்கள் உண்டு, அவர்களைப் போய் ‘எப்போது வந்தீர்கள்?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். சுகர் லேண்டில் ஆசியர் பத்துக்கு நாலு பேர் அளவில். தெற்கே நீட்வில் பக்கம் போனால் ஜெர்மானிய, செக் விவசாயிகளின் வாரிசுகள். ஃபுல்ஷியரில் 2010-ல் 1,134 பேர் இருந்தார்கள், 2020-ல் 16,856 பேர். அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டேதான் போகிறது. அங்கே எல்லோருமே புதுசு.

எப்படி இப்படிக் கலந்தது? இரண்டு சட்டங்களைச் சொல்ல வேண்டும். 1965-ன் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்கு நாட்டின் கதவைத் திறந்தது. 1968-ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம், நிறத்தையும் பிறந்த நாட்டையும் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்தது. ஃபோர்ட் பெண்டின் பெரிய குடியிருப்புகளெல்லாம் அதற்குப் பின்னால் எழுந்தவை. சுகர் லேண்டின் ஃபர்ஸ்ட் காலனி எழுபதுகளில் தொடங்கியது. ‘இது எங்கள் தெரு’ என்று முன்னாலேயே இடம்பிடித்து உட்கார்ந்த கூட்டம் அந்தப் புதிய குடியிருப்புகளில் இல்லை. எண்ணெய் நிறுவனங்களும் ஹூஸ்டன் மெடிக்கல் சென்டரும் ஆட்களை இழுத்தன. வந்தவர்கள் கையில் காசும் படிப்பும் இருந்தவர்கள், வயலை அழித்து வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்தில் வாங்கினார்கள். ஹூஸ்டன் வட்டார மக்களைப் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் க்லைன்பர்க் இந்தக் கலப்புக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கவுண்டியைத் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதனால்தான்.

ஆனால் வயலுக்கும் ஒரு கதை இருக்கிறது. அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

‘சுகர் லேண்ட்’ என்ற பெயர் சும்மா வந்ததல்ல. பிரேசோஸ் ஆற்றங்கரையில் அடிமைகளை வைத்துக் கரும்பும் பருத்தியும் விளைவித்த பூமி இது. அடிமை முறை ஒழிந்தபோது இந்தக் கவுண்டியில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. 1869-ல் இங்கே ஷெரிஃபாக, அதாவது கவுண்டியின் காவல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வால்டர் மோசஸ் பர்ட்டன், அடிமையாக இருந்தவர். அமெரிக்காவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின ஷெரிஃப் என்று அவரைச் சொல்வார்கள். இருபதே ஆண்டில் நிலைமை தலைகீழானது. ‘ஜேபேர்ட்’ என்ற வெள்ளையர் அணி 1889-ல் துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு கவுண்டி நிர்வாகத்தைப் பிடித்தது. அவர்கள் வைத்த சங்கம் வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் முன்தேர்தல் ஒன்றை நடத்தியது. அதில் ஜெயித்தவர்தான் பிறகு பொதுத்தேர்தலிலும் ஜெயிப்பார். அறுபது ஆண்டுக்கு மேல் இது ஓடியது. உள்ளூர்க் கறுப்பின மக்கள் தொடுத்த வழக்கில் 1953-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. சிறைக் கைதிகளைக் கரும்புத் தோட்டக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடும் முறை. பெயரளவில் கைதிகள், பெரும்பாலும் கறுப்பின ஆண்கள், நடத்தப்பட்ட விதம் அடிமைகளைவிட மேல் என்று சொல்ல முடியாது. 2018-ல் சுகர் லேண்டில் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தொழிற்கல்விக் கட்டடத்துக்கு மண் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. அந்த இடத்தில் கல்லறை இருக்கும் என்று ரெஜினல்ட் மூர் என்பவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார், யாரும் காது கொடுக்கவில்லை. மலையகத்திலோ மலேசியத் தோட்டத்திலோ வேர் உள்ள தமிழர் யாராவது இதைப் படித்தால் தோட்டம், குத்தகை, கணக்கில் வராத சாவு என்பதெல்லாம் விளக்காமலே புரியும்.

இதை ஏன் புதிதாக வருபவருக்குச் சொல்ல வேண்டும்? பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பெரியவரின் குடும்பம் இந்த மண்ணில் உங்களைவிட நூற்றைம்பது வருடம் மூத்ததாக இருக்கலாம். கவுண்டியின் மேற்கே கெண்டல்டன் என்ற சின்ன ஊர், விடுதலை பெற்ற அடிமைகள் நிலம் வாங்கிக் குடியேறி உண்டாக்கியது. நம்மவர் சிலர் வீட்டுக்குள் பேசும்போது கறுப்பினத்தவரை ஒரு மாதிரியான சொல்லால் குறிப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் அதை அப்படியே பள்ளிக்கு எடுத்துப்போவார்கள். அங்கே அது எடுபடாது.

கறுப்பினத்தவர் என்பதும் ஒரே கூட்டம் இல்லை. ஹூஸ்டன் வட்டாரத்தில் நைஜீரியர்கள் நிறைய. மிசூரி சிட்டி, ரிச்மண்ட் பக்கம் மருத்துவர், மருந்தாளுநர், பொறியாளர் என்று பார்ப்பீர்கள். பிள்ளைகளின் மதிப்பெண் விஷயத்தில் நம் வீட்டுக் கெடுபிடி ஒன்றுமே இல்லை என்று தோன்றவைக்கும் நைஜீரிய அம்மாக்கள் உண்டு. கல்யாணமும் அவர்களுக்கு நம்மைப் போலவே ஊர் கூட்டிச் செய்யும் விஷயம். பேச்சுக் கொடுத்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள்.

ஆசியர் என்ற பெட்டிக்குள்தான் நம்மையும் போடுவார்கள். அதற்குள் சீனர், வியட்நாமியர், ஃபிலிப்பினோ, பாகிஸ்தானியர், நாம் எல்லோரும் அடக்கம். வியட்நாமியக் குடும்பங்களில் பல 1975-ல் சைகோன் விழுந்த பிறகு அகதிகளாக இந்த மெக்சிகோ வளைகுடாக் கரைக்கு வந்தவர்களின் வழி. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கதையில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். கண் சின்னதாக இருந்தால் ‘சைனாக்காரர்’ என்று சொல்லும் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். நம்மைப் பார்த்து ‘இந்து பாஷை பேசுவீர்களா?’ என்று கேட்டால் எவ்வளவு எரிச்சல் வருமோ அதே எரிச்சல் அவர்களுக்கும் வரும்.

இந்தியர்களுக்குள்? இங்கே மூத்த வீடு மலையாளிகளுடையது. மெடிக்கல் சென்டர் மருத்துவமனைகளுக்கு நர்ஸாக வந்த பெண்கள்தான் தொடக்கம். கணவரும் தம்பி தங்கைகளும் பிறகு வந்தார்கள். மிசூரி சிட்டி, ஸ்டாஃபோர்ட் பக்கம் மார் தோமா, சீரோ மலபார் தேவாலயங்கள், மீன் கறி கிடைக்கும் கடைகள் எல்லாம் அவர்களால் வந்தவை. அரசியலிலும் அவர்கள்தான் முன்னே. 2018 தேர்தலில் கே.பி. ஜார்ஜ் கவுண்டி ஜட்ஜ் ஆனார். பெயரைப் பார்த்து நீதிபதி என்று நினைக்காதீர்கள், அது கவுண்டி நிர்வாகத்தின் தலைமைப் பதவி. 2020-ல் ராபின் இலக்காட்டு மிசூரி சிட்டி மேயரானார். நம் ஆட்கள் சங்கத் தேர்தலில் காட்டும் வேகத்தில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பினால் நன்றாக இருக்கும். அது வேறு கதை.

குஜராத்திகள் ஸ்டாஃபோர்டில் 2004-ல் திறந்த சுவாமிநாராயண் கற்கோவில் பார்க்க வேண்டிய இடம். இஸ்மாயிலி முஸ்லிம்கள் சுகர் லேண்டில் பலமாக இருக்கிறார்கள். தெலுங்கர் எண்ணிக்கை வேகமாகக் கூடுகிறது. தமிழர்களுக்குத் தனிப் பேட்டை என்று எதுவும் இல்லை, எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கிறோம். நமது மீனாட்சி அம்மன் கோவில் இருப்பதுகூடப் பக்கத்துக் கவுண்டியின் பேர்லண்டில்தான். சுகர் லேண்டிலேயே அஷ்டலட்சுமி கோவில் இருக்கிறது. 2024-ல் அங்கே 90 அடி அனுமார் சிலை வந்தது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி, பாரதி கலை மன்றம் இரண்டும் விசாரித்தால் உடனே கிடைக்கும். அங்கே போனால் அப்புறம் பொங்கலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

மேற்கே கேட்டிப் பக்கம் வீடு பார்த்தால் ஸ்பானிஷ் காதில் விழும். எல்லோரும் மெக்சிக்கர் இல்லை. வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பின் வேலையிழந்த பொறியாளர்கள் பலர் இங்கே வந்தார்கள். ஊரை ‘கேட்டிசுவேலா’ என்றே கேலியாகச் சொல்வார்கள். அங்கே கிடைக்கும் அரேபா நம் சோள அடை மாதிரிதான், சாப்பிட்டுப் பாருங்கள்.

சரி, வீடு. நம்மவர்கள் ஏஜென்டிடம் கேட்கும் முதல் கேள்வி: ‘இந்த ஏரியாவில் இந்தியர்கள் இருக்கிறார்களா?’ அவர் மழுப்புவார். திமிர் என்று நினைக்காதீர்கள், நியாயமான வீட்டுவசதிச் சட்டப்படி இனத்தைச் சொல்லி வாடிக்கையாளரை ஒரு பக்கம் தள்ளக்கூடாது. அவருடைய உரிமமே போகலாம். வேண்டுமானால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், பகுதிவாரியாக எல்லாம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் ஒரு நடை நடந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

‘நல்ல ஸ்கூல்’ என்ற பேச்சிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஃபோர்ட் பெண்ட் பள்ளி மாவட்டத்தில் ஆசிய, கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஏறக்குறைய கால் பங்கு. வெள்ளையர் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. தர எண்ணில் ஒரு பள்ளி கீழே இருந்தால் அது பெரும்பாலும் அங்கே படிக்கும் குடும்பங்களின் வருமானத்தைத்தான் காட்டுகிறது, ஆசிரியரின் திறமையை அல்ல. ‘அந்தப் பக்கம் வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பதில் திணறி வந்தால் காரணம் என்னவென்று உங்களுக்கே புரியும்.

இன்னொரு குழப்பம், முகவரி. ‘சுகர் லேண்ட்’, ‘ரிச்மண்ட்’ என்று அஞ்சல் முகவரி இருப்பதால் வீடு அந்த நகர எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ரிச்மண்ட் முகவரியுள்ள வீடு ஃபோர்ட் பெண்ட் பள்ளி மாவட்டத்திலோ லாமர் பள்ளி மாவட்டத்திலோ இருக்கலாம். கேட்டி நகரமே மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கதவு எண்ணைப் போட்டுப் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் தேடிவிடுங்கள்.

பழகும் முறை எளிது. இது அமெரிக்காவின் தெற்கு, முன்பின் தெரியாதவரும் கை அசைப்பார், நீங்களும் அசையுங்கள். பெரியவர்களை ‘சார்’, ‘மேம்’ என்பது இங்கே இயல்பு, நமக்கு அது புதிதல்ல. புது வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டார் பலகாரத்தோடு வரவில்லை என்றால் வருத்தப்படாமல் நீங்களே முறுக்கை எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி யார் வீட்டில் ஆகாது என்பதைத் தெருவிருந்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது. இஸ்மாயிலி வீடும் குஜராத்தி வீடும் டெக்சஸ் பார்பெக்யூ வீடும் ஒரே வரிசையில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. கணக்கெடுப்புத் துறையிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு தடித்த படிவம் வரலாம். ஆண்டுதோறும் சில வீடுகளைத் தேர்ந்து அனுப்புவார்கள். விளம்பரம் என்று குப்பையில் போடாதீர்கள். பதில் சொல்வது சட்டப்படி கட்டாயம், விசாவில் இருப்பவரும் கணக்கில் உண்டு. விவரம் குடியேற்றத் துறைக்குப் போகாதபடி தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். பலர் ‘இந்தியன்’ என்று எழுதிவைக்கிறார்கள். ‘தமிழ்’ என்று எழுதுங்கள். இலங்கைத் தமிழரானால் இன வரிசையில் ‘பிற ஆசியர்’ என்ற இடத்தில் நாட்டைக் கையால் எழுத வேண்டும், அதற்கென்று தனிக் கட்டம் கிடையாது.