வாடகை வீட்டுக் கதவில் சிலிண்டரை மட்டும் மாற்றுவது எப்படி?

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய வாடகை வீடுகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பூட்டு மட்டும் அப்படியே இருக்கும். முன்பு குடியிருந்தவர் எல்லாச் சாவியையும் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார். ஆனால் நடுவில் ஒரு டூப்ளிகேட் வெட்டித் தம்பியிடமோ வேலைக்கார அம்மாவிடமோ கொடுத்தது அவருக்கே மறந்திருக்கும். அதனால் பால் காய்ச்சிய கையோடு, பூட்டில் சாவி போகும் பகுதியான சிலிண்டரை மாற்றும் இந்த வேலையையும் முடித்துவிடுங்கள். ஆசாரி வேண்டாம், கதவில் உளி வைக்கவும் வேண்டாம்.

முதலில் உங்கள் பூட்டு எந்த வகை என்று பாருங்கள். சாவியே சொல்லிவிடும். சாவி தட்டையாக, ஓரத்தில் பல் வெட்டியோ பரப்பில் சின்னச் சின்னக் குழிகளோடோ இருந்தால் சிலிண்டர் பூட்டு. உருண்டைத் தண்டும் நுனியில் கம்பத்தில் பறக்கும் கொடி மாதிரி ஒரு துண்டும் இருந்தால் லீவர் பூட்டு. பழைய வீடுகளில் இன்னும் பார்க்கலாம். அதில் சிலிண்டர் கிடையாது, முழுசாகத்தான் மாற்ற வேண்டும். ஆல்டிராப்பில் தொங்கும் பூட்டு என்றால் வேலையே இல்லை, புதுத் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி மாட்டிவிடலாம்.

இனி சொல்வதெல்லாம் கதவுக்குள் புதைத்து வைக்கும் மார்ட்டிஸ் பூட்டுக்கு.

கழற்றுவது

கதவைத் திறந்து வையுங்கள். கடைசி வரை அது திறந்தே இருக்கட்டும். நிலையில் போய் உட்காரும் ஓரத்தில் நீளத் தகடு ஒன்று தெரியும். அதன் மேலும் கீழும் உள்ள திருகுகளைத் தொடாதீர்கள், அவை பூட்டைக் கதவோடு பிடித்திருப்பவை. சாவித் துவாரத்துக்கு நேர் மட்டத்தில் தனியாக ஒரு திருகு இருக்கும். சிலிண்டரைப் பிடித்திருப்பது அதுதான். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள். ரொம்ப நேரம் சுற்றும், விரல் நீளத்துக்கு வெளியே வரும்.

திருகு வந்த பிறகும் சிலிண்டர் அசையாது. இங்கேதான் பலர் சுத்தியலைத் தேடுகிறார்கள். சிலிண்டரின் நடுவில் நாக்கு மாதிரி ஒரு துண்டு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் உள்ளே தடுக்கிறது. சாவியைப் போட்டு மிக லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இழுங்கள். நாக்கு சிலிண்டரின் உடம்போடு ஒன்றும் இடத்தில் 'சட்'டென்று விட்டுக்கொடுக்கும்.

அளப்பது

பழைய சிலிண்டரைப் பையில் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள், தர்மபுரி நாலு ரோடு பக்கமானாலும் கிருஷ்ணகிரியானாலும் சரி. இருந்தாலும் அளவு தெரிந்திருப்பது நல்லது. திருகு போகும் ஓட்டையின் மையத்திலிருந்து இரண்டு முனைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். 30-30 என்றால் 60 மில்லிமீட்டர் சிலிண்டர், 35-35 என்றால் 70. மொத்த நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் 30-40 வந்து சேரும், ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பிரச்சினை பார்வைக்கு மட்டுமல்ல. சிலிண்டரின் பலவீனமான இடம் அந்தத் திருகு ஓட்டை. வெளியே நீட்டியதைப் பிடித்து முறித்தால் அங்கேயே உடையும். கைப்பிடித் தகட்டுக்குச் சமமாகவோ ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வெளியேயோ இருந்தால் போதும்.

இரண்டு பக்கமும் சாவியா, உள்பக்கம் திருகுக் குமிழா என்று கடைக்காரர் கேட்பார். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு குமிழுக்கே; அவசரத்தில் சாவி தேட வேண்டாம். ஆனால் கதவை ஒட்டியே ஜன்னல் இருந்து, கை விட்டால் குமிழ் எட்டும் என்றால் இரட்டைச் சாவிதான் சரி.

மாட்டுவது

கழற்றியதைத் திருப்பிச் செய்தால் ஆயிற்று. திருகை முதலில் பாதி இறுக்கி, எல்லாச் சாவியையும் இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் மீதியை இறுக்குங்கள். முரட்டுத்தனமாக இறுக்கினால் சாவி பிடிக்கும். கதவு திறந்திருக்கும்போது சுகமாகச் சுற்றி, சாத்தினால் மட்டும் முரண்டு பிடிக்கிறதா? சிலிண்டர்மேல் குற்றமில்லை. மழையில் மரம் ஊதி, பூட்டிலிருந்து வெளியே வரும் தாழ் நிலையில் உள்ள தகட்டில் உரசுகிறது. அந்தத் தகட்டின் ஓட்டையை அரத்தால் கொஞ்சம் ராவிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஓசூரின் மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைவது பூட்டுக்குள்ளும் உறையும், போதாததற்குத் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் பொடி நல்லது. இல்லையென்றால் சாவியின் பல்லில் பென்சிலை நன்றாகத் தேய்த்துப் போட்டு எடுங்கள்.

பூட்டு அதே, சாவி மட்டும் வேறு?

ரீ-கீ என்று இதைத்தான் சொல்கிறார்கள். சிலிண்டருக்குள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஜோடிப் பின்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி போனால் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சந்திக்கும் இடம் உள் உருளையின் விளிம்புக்கு நேராக வரும், அப்போதுதான் உருளை சுற்றும். அமெரிக்கரான லைனஸ் யேல் 1861-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு, அடிப்படை இன்னும் மாறவில்லை. ரீ-கீ செய்ய, பிடி வளையத்தை எடுத்து, உருளையின் அதே பருமனுள்ள ஒரு குச்சியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே உருளையை வெளியே எடுக்க வேண்டும். அப்புறம் புதுச் சாவியைப் போட்டு, உருளையின் மேற்பரப்போடு சமமாக நிற்கிற கீழ்ப் பின்களாகத் தேர்ந்து போட வேண்டும். குச்சிக்கும் உருளைக்கும் நடுவே துளி இடைவெளி விட்டாலும் ஸ்பிரிங்குகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இரட்டைச் சாவி சிலிண்டர் என்றால் மறுபக்கமும் இதே கூத்து. புதியவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பூட்டு விலை உயர்ந்தது என்றால் சாவிக்காரரிடம் கொடுங்கள். முன் வாசலுக்கும் பின் வாசலுக்கும் ஒரே சாவி வேண்டும் என்றால், அப்படியே ஜோடியாக விற்கும் சிலிண்டர்களைக் கேட்டு வாங்கலாம்.

வாடகை வீடென்றால் மாற்றுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய சிலிண்டரையும் அதன் சாவிகளையும் ஒரு கவரில் கட்டி வையுங்கள். காலி செய்யும்போது அதை மாட்டிக் கொடுத்துவிட்டு, உங்கள் சிலிண்டரை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம், கதவின் கனம் ஒத்துவந்தால்.