கடற்பன்றிகளின் ஒலியைப் பதியும் கருவிகளைச் சோதிக்கும் முறை

பால்டிக் கடலில் 2011 முதல் 2013 வரை எட்டு நாடுகள் கூடி, முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளை நிறுத்தி, டால்பினை ஒத்த சிறு பாலூட்டிகளான கடற்பன்றிகளைத் தேடின; அக்கடலின் மையப்பகுதியில் சில நூறு மட்டுமே எஞ்சியிருப்பதாக முடிவு வந்தது. இவ்வளவு அருகிய உயிரினத்தைத் தேடுகையில் ஒரு கருவியின் செவி சற்று மந்தமாக இருந்தாலும், அந்த இடத்தில் விலங்கே இல்லை என்று வரைபடம் பொய் சொல்லிவிடும். ஆகவே கருவிகள் அனைத்தும் ஒரே அளவில் கேட்கின்றன என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

எதிரொலி கேட்டு வழியறியக் கடற்பன்றி எழுப்பும் கிளிக் ஒலி 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. மனிதச் செவிக்கு எட்டாது. கிளிக்குகளின் விவரத்தை மட்டும் குறித்துவைக்காமல் முழு ஒலியையும் பதியும் கருவியானால், நொடிக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமான மாதிரிகளை அது எடுக்க வேண்டும். சோதனைத் தொட்டியில் இறக்குமுன் ஒலிவாங்கியைச் சோப்பு நீரால் துடையுங்கள். ஒட்டியிருக்கும் சிறு காற்றுக்குமிழிகூட அளவீட்டைக் கெடுக்கும். பிறகு 130 கிலோஹெர்ட்ஸில், நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீளமுள்ள துடிப்புகளை ஒலிபரப்புங்கள். நீரில் அத்துடிப்பின் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர்தான் என்பதால், தொட்டி போதிய அகலமுடையதாக இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி நேரொலியோடு கலப்பதில்லை. ஒலியளவைப் படிப்படியாகக் குறைத்து, துடிப்புகளில் பாதியை மட்டும் கருவி பதியும் நிலையைக் குறித்துக்கொண்டு, கருவியைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கங்களிலும் அளவிடுங்கள்.

தொட்டியில் தேறியவற்றை, கடற்பன்றிகள் அடிக்கடி நடமாடும் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் நீரிணை போன்ற இடத்தில், ஒரே சட்டத்தில் அருகருகே கட்டிச் சில நாள்கள் விட்டுவைப்பது நல்லது. கட்டிக் கடலில் இறக்குமுன்னும் எடுத்தபின்னும் எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும்படி சட்டத்தைத் தட்டினால், கடிகாரங்கள் எவ்வளவு விலகின என்பது பதிவிலேயே தெரிந்துவிடும். கடற்பன்றி தன் ஒலியை டார்ச் விளக்குபோலக் குறுகிய கற்றையாக வீசுவதால், ஒவ்வொரு கிளிக்கும் எல்லாக் கருவிகளிலும் பதியாது. எனவே கிளிக்குகளின் எண்ணிக்கையைவிட, அவை கேட்ட நிமிடங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுவதே நம்பகமானது.

தவறான பதிவுகளுக்கு மிகுந்த கவனம் தேவை. படகுகளின் ஆழமானிகளும், வலுவான நீரோட்டத்தில் உருளும் மணலும், பதிவுகளில் கிளிக்குகளைத் தேடும் மென்பொருளை ஏமாற்றக்கூடும். தானியங்கி முடிவுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, முழு ஒலிப்பதிவோடு கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். விலங்கு இல்லை என்று மென்பொருள் சொன்ன நிமிடங்களையும் விட்டுவிடாதீர்கள்.

மாதக்கணக்கில் கடலில் கிடந்த கருவி கரைக்கு வந்ததும், அதில் படிந்த பாசியையும் கொட்டலசுகளையும் உடனே சுரண்டிவிடாமல், அப்படியே ஒருமுறையும் சுத்தம் செய்தபின் ஒருமுறையும் தொட்டியில் சோதியுங்கள்.