நிரல்மொழி வாதங்களை எடைபோட்டு முடிவெடுக்கும் முறை

புதிய மென்பொருளை எந்த மொழியில் எழுதுவது என்று ஒரு குழு பேசத் தொடங்கியதும், பைதான் மெதுவானது, சி++ ஆபத்தானது, டைப்ஸ்கிரிப்ட் வீண் சுமை என்பன போன்ற தீர்ப்புகள் வந்து விழுகின்றன. இவற்றில் எதையும் முழுப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலையில் யாரோ ஒருவர் பட்டறிந்த உண்மைதான். ஆனால் பலர் வாய் மாறி வரும்போது அந்த வேலையும் சூழலும் உதிர்ந்துவிடுகின்றன. தீர்ப்பு மட்டும் எஞ்சுகிறது. ஆகவே முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர், எந்தப் பக்கம் சேர்வது என்று யோசிப்பதற்கு முன், உதிர்ந்துபோனதைத் தேடியெடுத்து அந்தத் தீர்ப்போடு மீண்டும் சேர்க்க வேண்டும். அதைச் செய்யும் வழியை, பலரும் அறிந்த சில நிகழ்வுகளை முன்வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதலில், கேட்ட தீர்ப்பை முழு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு, எதனோடு ஒப்பிட்டு, எதை அளந்து என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். பைதான் மெதுவானது என்பதை இவ்வாறு விரித்தால், "எண்களைக் கொண்டு நீண்ட சுழற்சியில் செய்யும் கணக்கைப் பைதானிலேயே எழுதினால், அதே கணக்கைச் சி மொழியில் எழுதுவதைவிடப் பல மடங்கு கூடுதல் நேரம் பிடிக்கும்" என்று வரும். இது உண்மை. ஆனால் இப்படி எழுதிய உடனேயே, நம் மென்பொருள் அந்த வேலையைத்தான் செய்கிறதா என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது. எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) என்ற பைதான் நூலகத்தின் வழியாகக் கணக்குப் போடுபவருக்குக் கனமான பகுதி ஏற்கெனவே சி மொழியில்தான் ஓடுகிறது. இணையச் சேவை எழுதுபவருக்கோ, நேரம் பெரும்பாலும் தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பதில் கழியக்கூடும். ஒரு கோரிக்கைக்கு 200 மில்லிவிநாடி ஆகி, அதில் 180 மில்லிவிநாடி தரவுத்தளத்துக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய பகுதியை எவ்வளவு வேகமான மொழியில் மாற்றி எழுதினாலும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகாது. அந்த நிலையில் தரவுத்தளத்தில், தேடலை விரைவாக்கும் சரியான இன்டெக்ஸ் ஒன்றைச் சேர்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை.

வாதத்தோடு எண்கள் வந்தால், அந்த எண்களைப் பெறுவதற்காக ஓட்டப்பட்ட நிரல் எது என்று தேடிப் பாருங்கள். இதற்குச் செலவிடும் அரை மணி நேரம் வீணாகாது. 2017-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, 27 மொழிகளை 10 சிறு கணக்குகளில் ஓட்டி, செலவான மின்னாற்றல், நேரம், நினைவகம் ஆகியவற்றை அட்டவணையாகத் தந்தது. சி மொழியின் மின்செலவை 1 என்று கொண்டால், ரஸ்டுக்கு 1.03, ஜாவாஸ்கிரிப்டுக்கு 4.45, டைப்ஸ்கிரிப்டுக்கு 21.50, பைதானுக்கு 75.88 என்பது அந்த அட்டவணையின் கணக்கு. மொழிகளைப் பற்றிய வாதம் எழும் இடங்களிலெல்லாம் இது எடுத்துக்காட்டப்படுகிறது. இதில் ஜாவாஸ்கிரிப்டையும் டைப்ஸ்கிரிப்டையும் மட்டும் பாருங்கள். டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்டோடு, ஒவ்வொரு மதிப்பும் எந்த வகை (எண், எழுத்து போன்றவை) என்று சொல்லும் வகைக் குறிப்புகளைச் சேர்த்த மொழி. அதன் நிரலைத் தொகுக்கும்போது அந்தக் குறிப்புகள் நீக்கப்பட்டு, ஜாவாஸ்கிரிப்ட்தான் வெளிவருகிறது. இரண்டையும் ஓட்டுவது ஒரே எஞ்சின். அப்படியிருக்க ஐந்து மடங்கு வேறுபாடு எங்கிருந்து வந்தது? பத்துக் கணக்குகளில் ஒன்றுக்கு, இரு மொழிகளிலும் எடுத்துக்கொண்ட நிரல்கள் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருந்தன. அந்த ஒரு கணக்கில் டைப்ஸ்கிரிப்ட் நிரல் பல மடங்கு பின்தங்கி, சராசரியை மேலே இழுத்துவிட்டது. மொழியின் பெயரில் பதிவானது, நிரலை எழுதியவர் தேர்ந்த வழிமுறையின் விளைவு.

இதனால் அந்த அட்டவணை முழுவதும் பயனற்றது என்று ஆகிவிடாது. சி மொழிக்கும் பைதானுக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளி மெய்யானது. அட்டவணையில் அருகருகே நிற்கும் இரு மொழிகளின் சிறு வேறுபாட்டை எடுத்துக்கொண்டு வாதிடுவதுதான் தவறு. ஏறத்தாழச் சமமாக இருந்தாக வேண்டிய இரண்டு பொருள்கள் அட்டவணையில் வெகு தொலைவில் நிற்கின்றனவா என்று முதலில் பார்ப்பது, எந்த அளவீட்டையும் சோதிக்கும் எளிய வழி. அடுத்து, நிரல்கள் எத்தனை செயலிக் கருக்களைப் பயன்படுத்தின, தொகுப்பியின் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரின்) எந்தப் பதிப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது என்பவற்றையும் பார்த்துவிடுங்கள்.

சதவீதம் சொல்லப்பட்டால், எதில் சதவீதம் என்று கேளுங்கள். நினைவகத் தவறுகளைத் தொகுக்கும்போதே தடுக்கும்படி வடிவமைக்கப்பட்ட ரஸ்ட் மொழியைப் பற்றிய வாதங்களில் 70 என்ற எண் தவறாமல் வரும். மைக்ரோசாஃப்ட் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று அந்நிறுவனம் 2019-இல் தெரிவித்தது. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியத்தின் குழு 2020-இல், தன் கடுமையான பாதுகாப்புக் குறைகளைப் பற்றி ஏறத்தாழ அதே அளவைச் சொன்னது. இவை பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்ட மிகப் பெரிய மென்பொருள்கள். அங்கே எண்ணப்பட்டவை பாதுகாப்புக் குறைகள் மட்டுமே. எல்லாப் பிழைகளும் அல்ல. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற குறை இந்த வகையைச் சேர்ந்தது: மறுமுனை சொன்ன நீளத்தைச் சரிபாராமல் நம்பியதால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் 64 கிலோபைட் வரை சேவையகத்தின் நினைவகம் வெளியே கசிந்தது. எல்லையைத் தானே சரிபார்க்கும் மொழியாக இருந்திருந்தால் அந்தக் கசிவு நிகழ்ந்திருக்காது. ஆனால் 2021 டிசம்பரில் உலகையே கலங்கடித்த லாக்ஃபோர்ஷெல் என்ற குறை வேறு வகை. அதற்கு ஆளான, நிகழ்வுகளைப் பதிவேட்டில் எழுதும் லாக்ஃபோர்ஜே நூலகம் ஜாவாவில் எழுதப்பட்டது; நினைவகத்தில் எந்த மீறலும் அங்கே நடக்கவில்லை. பதிவேட்டில் எழுத வந்த வரியில் பொதிந்திருந்த குறிப்பை நூலகம் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெளியாள் காட்டிய சேவையகத்தை நாடிச் சென்றதுதான் கோளாறு. இத்தகைய வடிவமைப்புத் தவறை எந்த மொழியின் நினைவகப் பாதுகாப்பும் தடுக்காது.

எனவே, ஏற்கெனவே ஜாவாவிலோ கோ மொழியிலோ பைதானிலோ எழுதும் குழுவிடம் 70 சதவீதத்தைக் காட்டி ரஸ்டுக்கு மாறச் சொல்வதில் பொருளில்லை. அந்த மொழிகள் நினைவகப் பாதுகாப்பைப் பெருமளவுக்கு ஏற்கெனவே தருகின்றன. சி++ மொழியில் எழுதும் குழுவுக்கு அந்த எண் முழுமையாகப் பொருந்தும். ஆனால் அங்கேயும், எல்லாவற்றையும் மாற்றி எழுதுவதா வேண்டாமா என்று கேட்பது பயன் தராத கேள்வி என்பது என் உறுதியான கருத்து. ஆண்ட்ராய்டில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைகளில் நினைவகக் குறைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது. 2024-இல் 24 சதவீதமாக இறங்கியது. பழைய சி++ நிரலைத் தூக்கியெறிந்து இதைச் சாதிக்கவில்லை. பழையதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதை ரஸ்ட், கோட்லின் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதும் வழக்கத்துக்கு மாறினார்கள். குறைகள் பெரும்பாலும் புதிதாக எழுதிய அல்லது அண்மையில் மாற்றிய நிரலில்தான் தங்கியிருக்கின்றன என்பதும், பயன்பாட்டில் பழகிய நிரலில் அவை காலப்போக்கில் குறைந்துவருகின்றன என்பதும் கூகுள் தந்த விளக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்டுக்கு இடம் கொடுத்தபோது, இருக்கும் சி நிரலை மாற்றி எழுதுவதை நோக்கமாகக் கொள்ளவில்லை. புதிதாகச் சேர்ப்பதை எதில் எழுதுவது என்று கேள்வியை மாற்றிக்கொண்டால், ரஸ்டை விரும்புபவரும் சி++ மொழியில் ஊறியவரும் ஒரே வழிக்கு வர இடமிருக்கிறது.

பெரிய குழு ஒன்று ஒரு மொழியைத் தேர்ந்தது என்பதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அங்கே தேர்வைவிட, அந்தத் தேர்வுக்குப் பின்னால் இருந்த நிபந்தனைகளையே குறித்துக்கொள்ள வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் தொகுப்பியைக் கோ மொழிக்கு மாற்றுவதாக 2025 மார்ச் மாதத்தில் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் அறிவித்தபோது, ஏன் ரஸ்ட் இல்லை என்று பலர் கேட்டனர். சி ஷார்ப் மொழியை வடிவமைத்தவரே அதை விட்டுவிட்டது ஏன் என்றும் கேட்டனர். ஏறத்தாழ 15 லட்சம் வரிகள் கொண்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற நிரல் எழுதும் கருவியின் மூல நிரலைச் சரிபார்க்கப் பழைய தொகுப்பிக்கு 77.8 விநாடி ஆனது, புதியதில் 7.5 விநாடியாகக் குறைந்தது. அந்தக் குழு புதிதாக எழுத முனையவில்லை. இருந்த நிரலை வரிக்கு வரி ஒத்துப்போகும்படி பெயர்க்க விரும்பியது. அந்த நிரலில், ஒன்றையொன்று சுட்டிச் சுழலும் தரவுக் கட்டமைப்புகள் நிறைய இருந்தன. நினைவகத்தைத் தானே மீட்டுத் தரும் கார்பேஜ் கலெக்‌ஷன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவை எழுதப்பட்டவை. ஒவ்வொரு தரவுக்கும் ஓர் உடைமையாளர் மட்டுமே இருக்க வேண்டும் என்ற ரஸ்டின் உடைமை விதிகளுக்கு உட்படுத்த வேண்டுமானால் வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். வேகமும் மொழியால் மட்டும் வந்ததன்று. வேலையைப் பல செயலிக் கருக்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததும் அதில் பெரும் பங்கு வகித்தது. உங்களிடம் பெயர்க்க வேண்டிய பழைய நிரல் இல்லையென்றால், இந்த நிகழ்வு கோ மொழிக்கு ஆதரவாகவும் சான்றாகாது, ரஸ்டுக்கு எதிராகவும் சான்றாகாது.

ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டினால், பிறர் அதே ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தார்களா என்று பாருங்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ள நிரல்களைக் கொண்டு மொழிக்கும் பிழைகளுக்கும் தொடர்பு காட்டிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. 2019-இல் வேறொரு குழு அதே தரவை மறுபடி ஆராய்ந்தபோது, அதன் முடிவுகளில் சிலவே நின்றன, நின்றவற்றின் அளவும் மிகச் சிறியதாக இருந்தது. வகைச் சரிபார்ப்பைப் பற்றி எனக்கு நிதானமாகத் தோன்றுவது 2017-இல் வந்த ஆய்வு: பொதுவெளியில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் திருத்தப்பட்ட 400 பிழைகளை எடுத்துப் பார்த்ததில், 15 சதவீதத்தை டைப்ஸ்கிரிப்ட் முன்கூட்டியே பிடித்திருக்கும் என்று அது கண்டது. டைப்ஸ்கிரிப்டை வீண் என்பவருக்கும், எல்லாப் பிழைக்கும் அதுவே மருந்து என்பவருக்கும் இந்த எண் இணங்கி வராது.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு மொழிகள் எஞ்சினால், எழுதிப் பார்த்துவிடுங்கள். எளிதான பகுதியைத் தேர்ந்தால் எல்லா மொழியும் நன்றாகவே தெரியும். ஆகவே உங்கள் மென்பொருளின் கடினமான பகுதியில் சிறு துண்டை எடுத்து இரண்டிலும் எழுதுங்கள். அதை எழுதுபவர், பின்னாளில் அதைப் பராமரிக்கப்போகும் அதே ஆளாக இருக்க வேண்டும். ஓடும் வேகத்தோடு, தொகுக்கப் பிடிக்கும் நேரம், பிழைச் செய்தியைப் படித்துக் கோளாறை அறிய முடிந்ததா, தேவையான நூலகங்கள் இன்றும் பராமரிக்கப்படுகின்றனவா என்பவற்றையும் குறித்து வையுங்கள். மொழியின் பதிப்பு மாற்றங்களும் செலவே. 2008 டிசம்பரில் பைதான் 3 வெளிவந்தபின், பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் தான் முடிந்தது. இடைப்பட்ட அந்தப் பதினோரு ஆண்டுகளில் பல குழுக்கள் இரண்டு பதிப்புகளையும் சுமந்தன.

கூட்டத்தில் பேசும்போது உங்கள் நிபந்தனையை முதலில் சொல்லிவிடுங்கள்: "நாம் எழுதுவது கட்டணச் சேவை, குழுவில் நான்கு பேர், மூவருக்கு ஜாவா தெரியும்" என்று தொடங்கினால் வாதம் தானாகவே சுருங்கும். எதிர்க்கருத்து உடையவரிடம், எந்த வேலையில் அவ்வாறு கண்டார் என்று மரியாதையோடு கேளுங்கள். அனுபவமுள்ளவர்கள் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு விரிவாகப் பதில் சொல்வார்கள், அந்தப் பதிலில்தான் பயனுள்ள செய்தி கிடைக்கும். ஒரு மொழியின் எழுத்துமுறை பிடித்திருக்கிறது என்பதும் சொல்லத்தக்க காரணமே. அதற்கு வேகம், பாதுகாப்பு என்று வேறு பெயர் சூட்டாமல், விருப்பம் என்றே சொன்னால் போதும்.

முடிவு எட்டியதும் அதை ஒரு பக்கத்தில் எழுதி நிரலோடு சேர்த்து வையுங்கள். தேர்ந்த மொழி, அதன் பதிப்பு, ஒதுக்கிய மொழிகளும் காரணமும், அளந்த எண்கள், தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். எந்த நிலை வந்தால் பேச்சை மீண்டும் தொடங்குவது என்பதையும் அளக்கக்கூடிய வடிவில் எழுதுங்கள்; தரவுத்தளத்துக்கு வெளியே செலவாகும் நேரம் கோரிக்கையின் பாதியைத் தாண்டினால் என்பது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. புதிதாகக் குழுவில் சேர்பவர் ஏன் இந்த மொழி என்று கேட்டால் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அவர் குறிப்பிட்ட நிலை வந்துவிட்டது என்று எண்களோடு காட்டினால், அன்றே மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.